ஆண்: அறியப்படவில்லை

நீளம்: அரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட.
நிறம்: மஞ்சள். வயிற்றின் மேற்புறம் பழுப்பு.
கொம்பில் ஒன்பது கணுக்கள்,
கடைசிக் கணு மட்டும் தடித்து, தீக்குச்சித் தலைபோல
(இதை அடித்துவிட வேண்டும்.
விவரணையில் உவமைக்கு இடமில்லை).

முன்னிறகு: நீளம், அகலத்தைப்போல் பதினோரு மடங்கு.
இறகென்று சொல்வது மரியாதைக்கு;
அது ஒரு காம்பு, காம்பைச் சுற்றி முடிகள்.
முப்பத்தெட்டு எண்ணினேன்.
டீ குடித்துவிட்டு வந்து எண்ணினேன்,
முப்பத்தொன்பது.
இத்தனை சிறிய உடம்புக்குக் காற்று
பாகுபோலக் கெட்டியாக இருக்குமாம்.
பறப்பதில்லை, துடுப்புப் போட்டுப் போகிறது.
இறகு நுனிக்குச் சற்று முன்னால் ஒரு புகைத்திட்டு.
இதுவரை பேர் வைக்கப்பட்ட
அதன் பங்காளிகள் ஒருவருக்கும் அந்தத் திட்டு இல்லை.
அந்தத் திட்டுக்காகத்தான்
என்னுடைய இந்த இரண்டு வருஷம்.

கிடைத்த இடம்: நீடாமங்கலத்துக்குக் கிழக்கே,
வெண்ணாற்றங்கரை, தாளடி வயல்.
மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகள்,
மன்னார்குடிக் கடையில் டஜன் நூற்றிருபது.
சோப்புத் தண்ணீர் ஊற்றி வரப்போரம் வைத்துக்கொண்டிருந்தபோது
வயல்காரி செங்கமலம் வந்து நின்றாள்.
"படையலா?"
பொறி என்றேன்.
மூன்றாம் நாள் தட்டில் கொசு, இலைப்பேன்,
தப்பித்தால் போதுமென்று ஒரு குட்டித் தவளை.
வடிகட்டிய துணியின் மடிப்பில், தூசியாக, இது.

லேபிளில் வயல் யாருடையது என்று எழுத வேண்டும்.
பட்டா அவள் புருஷன் பேரில் இருக்கிறது.
அவர் திருப்பூர் போய் ஆறு வருஷம்.

அடுத்த தாளடிக்கு ஆணைத் தேடிப் போனேன்.
போனில் படத்தைக் காட்டினேன்.
களை பறித்த கையை வாய்க்காலில் அலசிவிட்டு,
சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பெரிதாக்கினாள்.
"ஆம்பளை எங்க?"
கிடைக்கவில்லை.
ஆண் அறியப்படவில்லை என்று எழுதுவது வழக்கம்.
"அப்படியே எழுதிக்கலாமா?
என் ரேஷன் கார்டுலயும் எழுதச் சொல்லணும்."
சிரித்தாள்; நானும் சிரிப்பதா என்று தெரியவில்லை.

"இது நல்லதா கெட்டதா?"
எல்லாரும் கேட்பதுதான்.
புகையான் நெல்லின் இலையுறைக்குள் முட்டை வைக்கும்.
இது அந்த முட்டையைத் தேடிப்பிடித்து
அதற்குள் தன் முட்டையை வைக்கும்.
பிறக்கிற குஞ்சு, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு
ஒரு துளை போட்டு வெளியே வரும்.
"அப்ப நம்ம ஆளு."
கொஞ்ச நேரம் வயலையே பார்த்தாள்.
தட்டை தட்டையாகக் காய்ந்து கிடந்தது கிழக்கு மூலை.
"நேத்து சாயங்காலம்தான் மருந்தடிச்சேன்."

பன்னிரண்டு தட்டு, பதினோரு நாள்.
கொசு வந்தது. இலைப்பேன் வந்தது.

ஆற்றின் பேரை வைத்துவிடு என்றார் துறைத்தலைவர்,
ஆற்றுக்கு யாரும் ஆட்சேபம் சொல்லமாட்டார்கள்.
ஆட்களின் பேர் என்றால் லத்தீன் விகுதி வேண்டும்.
பெண்ணுக்கு 'ஏ'.
செங்கமலே.
லத்தீனில் அது ஆறாம் வேற்றுமை, அவளுடையது என்று பொருள்.
தமிழில் வாசித்தால் எட்டாவதாகிவிடுகிறது:
யாரோ எதிர்வரப்பில் நின்று கூப்பிடுகிறார்கள்.
அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது அது ஒரு சொட்டு கனடா பால்சத்தில்
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கிறது.
இடது இறகு மடங்கியிருக்கிறது.
மடக்கியது என் ஊசி.
பரவல்: மேற்படி வயல் மட்டும்.
இறகோர முடிகள்: 38–39.

ஒரே ஒரு பூச்சிக்கு எப்படி இரண்டு எண்
என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.
பதில் இன்னும் அனுப்பவில்லை.