பத்துக்கு ஒன்று

குத்தூசி இறங்கும்போது சாக்கு
ஒரு சின்ன மூச்சு விடும்.
அதை வைத்தே பாதி சொல்லிவிடலாம் என்று
சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன்.
ஒன்றும் சொல்ல முடியாது.

அரூர் பைபாஸ் ஓரத் தீவன ஆலை.
ஐப்பசி முழுக்க நனைந்த மக்காச்சோளம்,
தார் ரோட்டில் பாதி காய்ந்து
மீதி சாக்குக்குள் காயட்டும் என்று
கட்டி அனுப்பிய எண்பது மூட்டை.
மீட்டர் பதினேழு காட்டியது.
"பதினாலுன்னு எழுதும்மா,
காத்து அடிச்சா எறங்கிடும்" என்றார்
கம்பைநல்லூர் வியாபாரி தீர்த்தகிரி.
காற்றே இல்லை அன்றைக்கு.

இருட்டறை என்பது பழைய கக்கூஸ்.
ஜன்னலுக்குக் கருப்புக் காகிதம்,
கதவிடுக்கில் கோணித் துண்டு.
ஊதா விளக்கைப் போட்டால்
முதலில் தெரிவது நான்தான்:
சோப்புத் தூளில் துவைத்த துப்பட்டா, பல், நகம்.
பிறகு, தட்டில் பரப்பிய உடைசலில்
அங்கொன்று இங்கொன்றாக
பச்சை கலந்த மஞ்சளில்
பூனைக் கண் திறக்கும்.
நாலு வரை விடலாம்.
பதினொன்று எண்ணினேன்.
மறுபடி எண்ணினால் பதின்மூன்று.

டியூப்லைட்டைப் போட்டேன்.
எல்லாம் ஒரே பொன்னிறம்.
முகர்ந்து பார்த்தேன், மழை வாசம்கூட இல்லை.
அதற்கு நீளமான பெயர் உண்டு,
யார்டில் அஃப்ளா என்போம்.
கோழி தின்றால் ஈரல் வெளுக்கும்.
மாடு தின்றால் பாலில் இறங்கும்,
காய்ச்சினாலும் போகாது.

மேனேஜர் இருந்திருந்தால்
"பத்துக்கு ஒன்னு கலந்துடு,
கணக்குக்குள்ள வந்துடும்" என்றிருப்பார்.
நாமக்கல் போயிருந்தார்.
எண்பது மூட்டைக்கும் சிவப்பு மார்க்கரில்
பெருக்கல் குறி போட்டேன். தோள் வலித்தது.
லாரியைத் திருப்பும்போது சாதிக் பாஷா கேட்டான்:
"வேணாம்னா சரிக்கா.
எங்க கொண்டுபோய்க் கொட்டறது,
அதையும் ஒரு சீட்டுல எழுதிக் குடு."
நான் சிரித்தேன்.
அன்று மாலை மொரப்பூர் பஸ்ஸில்
ஜன்னல் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

பதினெட்டு நாள் கழித்து
கொட்டகையில் மூட்டை ஒன்று பாதியாகக் கிடந்தது.
"கிலோ பதினாறு, எவன் குடுப்பான்?" என்றான் மாதேஷ்.
மாடு ஒரு வாரமாகத் தின்கிறதாம்.
சாக்கை உள்புறம் வெளியே திருப்பித் தைத்திருந்தார்கள்.
வெள்ளை இழைக்குப் பின்னால்
ஏதோ மங்கலாகச் சிவந்திருந்தது.
கையை விட்டு ஓரத்தை மடித்துப் பார்த்தேன்.
என் கையெழுத்து
எனக்குத் தெரியாதா.

மறுநாள் டிபன் பையில் விளக்கை வைத்து
வாட்ச்மேனைத் தாண்டி எடுத்து வந்தேன்.
இரவு, தொட்டியில் அடித்தேன்.
எண்ணவில்லை.
மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தது.
செம்பில் இருந்த பாலுக்கு நேரே பிடித்தேன்,
லேசாக ஒளிர்ந்தது.
எந்தப் பாலும் அப்படித்தான் ஒளிரும்.
பாலைப் பற்றி இந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் பிள்ளைக்கு வரக்காப்பி.
"பால் எங்கம்மா?" என்றாள்.
திரிந்துவிட்டது என்றேன்.
கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன்.
முன்னால் கோவிந்தியக்கா, அவளுக்கு முன்னால்
பச்சைச் சட்டையில் யாரோ ஒரு பையன்.
ஊற்றினேன்.
"கொழுப்பு நாலு புள்ளி ஒண்ணு" என்றார் செயலர்,
"மாட்டுக்கு என்ன வெக்கறீங்க?"
நூற்றுப் பன்னிரண்டு பேர் ஊற்றுகிற சங்கம்.
என்னுடையது நாலு லிட்டர்.
வரிசையில் நின்றபோதே
வகுத்துப் பார்த்திருந்தேன்.

அட்டையில் கணக்கு ஏறியது.
டேங்கரின் குழாய்
எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் உறிஞ்சியது.

மூட்டையின் வாயைக் கட்டி
பரண் மேல் ஏற்றியிருக்கிறேன்.
ஏன் என்று மாதேஷ் கேட்கிறான்.
ராத்திரியில் எலி அதைச் சுரண்டுகிறது.
சாதிக் பாஷாவின் நம்பரை
அன்றே வாங்கி வைத்திருக்கலாம்.