இரண்டு டாலர்

பினாவா. கூடாரத்துக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உடைத்த சுவரின் துண்டு துண்டாக
மீட்டரை மெல்ல நகர்த்துகிறேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைப்பதுபோல.
பெரும்பாலும் சும்மாதான். டிக். டிக்.

பம்ப் அறைத் துண்டொன்றில் பென்சில் எழுத்து:
'ஒலாஃப் எனக்கு இரண்டு டாலர் தரணும், 1971.'
அதன் மேல் போனதும்
கடுகு வெடித்தது.

கான்கிரீட்டோடு கடனும் பீப்பாய்க்குள்.
எடை, தேதி, என் கையெழுத்து.
தொட்ட கையுறை அடுத்த பீப்பாய்க்கு.
அதைக் கழற்றிய கையுறை
அதற்கும் அடுத்ததற்கு.

டார்லீன் கேட்டாள்:
"முந்நூறு வருஷத்துக்கு வட்டி எவ்வளவு?"
சாண்ட்விச் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சிரித்தோம்.
யார் கட்டுவது என்பதற்கு
லேபிளில் கட்டமில்லை.

மாலை, வாசலில்,
இன்னொரு மீட்டர்
என் உள்ளங்கையை வெகுநேரம் முகர்ந்துவிட்டு
போ என்றது.