மலத்தி வையும்

பனச்சமூட்டில் எங்கள் எக்ஸ்ரே அறைக்குக்
கதவு கேரளத்தில், ஜன்னல் தமிழ்நாட்டில் என்று
டாக்டர் சொல்லிச் சிரிப்பார்.
உண்மையில் எல்லைக்கல் சந்தைக்குள் எங்கோ
மீன்கூடைக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.

பதினெட்டாம் டோக்கன்.
ரசலையன், ஐம்பத்திரண்டு, றப்பர் பால்வெட்டு.
வலது முன்கை.

"கைய மலத்தி வையும்" என்றேன்.
வைத்தார். கவிழ்ந்தே இருந்தது.
அந்தப் பக்கத்து ஆளோ என்று
"மலர்த்தி வய்க்கூ" என்றேன்.
"ரெண்டும் எனக்கு மனசிலாச்சு பிள்ளே,
கைக்குத்தான் ஆகல்ல."

ஆள் திரும்பாவிட்டால் குழாயைத் திருப்பு
என்று படிப்பில் சொன்னார்கள்.
திருப்பினேன்.
ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய்
மூச்சைப் பிடியும் என்றேன், தேவையே இல்லாமல்.

திரையில் இரண்டு எலும்புகள்.
சுண்டுவிரல் பக்கத்தது அரந்தி:
முழங்கையில் கொண்டி மாதிரி மேலெலும்பைக் கவ்வி
மடக்க நீட்ட மட்டும் தெரிந்தது.
கட்டைவிரல் பக்கத்தது ஆரை, அது உருளும்.
சட்டைப் பொத்தான்போல் அதன் தலை
நார்வளையத்துக்குள் நின்ற இடத்திலேயே சுழல,
கீழ்முனை மணிக்கட்டையும் இழுத்துக்கொண்டு
அடுத்ததன் குறுக்கே போய்ப் படுத்தால்
கை கவிழும்.
திரும்பி வந்து பக்கத்தில் நின்றால் மலரும்.
நடுவே தாள் கனத்தில் ஒரு சவ்வு.
தொட்டும் விட்டும் இருக்க
அவ்வளவு போதும்.

ரசலையனுக்கு அந்த இடத்தில்
வெள்ளையாய் ஒரு பாலம்.
ஏழு வருஷம் முன்பு, களியக்காவிளை, மீன்லாரி.
இரண்டும் ஒரே மட்டத்தில் முறிந்து
கூடும்போது
தன் துண்டோடு அடுத்ததன் துண்டையும்
சேர்த்துப் பிடித்துக்கொண்டன.
எலும்புக்கு ஒட்டத் தெரியும்.
எதோடு என்று கேட்கத் தெரியாது.

"வேலை?"
"வெட்டுக்குக் கொறவில்ல. கத்திக்குக் கவுந்த கை போதும்.
செரட்டப் பால வாளியில ஊத்தவும் வரும்.
கவுக்க வரும் பிள்ளே. ஏந்த வராது."

சோற்றுக்குக் கை வாயிடம் வருவதில்லை,
வாய் கையிடம் போகிறது.
திருவிருந்தில் முதல் மாதம் இடக்கையை நீட்டினாராம்,
பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
இப்போது போதகர் அப்பத்தை
விரலிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்.

மடக்கச் சொன்னேன்.
மேற்கைத் தசை கல்லாய் எழுந்தது.
அதன் நார் ராட்டில் கயிறு சுற்றினாற்போல்
ஆரையைச் சுற்றிப் பின்னால் போய் ஒட்டியிருக்கும்.
இழுத்தால் எலும்பு புரண்டு
உள்ளங்கை வானம் பார்க்கும்.
இழுக்கிறது.
ஏழு வருஷமாய் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது,
பூட்டிக் கிடக்கும் ராட்டை.

டாக்டர் வந்து பார்த்தார்.
பாலத்தை வெட்டி எடுக்கலாம்,
மறுபடி ஒட்டாமலிருக்க நடுவில்
உங்கள் கொழுப்பிலேயே ஒரு துண்டு வைக்கணும் என்றார்.
"கொழுப்பா? பெஞ்சாதிட்ட கேளும்,
வேண்டிய மட்டும் உண்டுண்ணு சொல்லுவா."
அட்டையைப் புரட்டிப் பார்த்த கவுண்டர்ப் பெண்
இது இங்கே எடுக்காது, அந்தப் பக்கம் போங்க என்றாள்.
எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

ஐந்நூறுக்கு மீதி நாற்பது, எல்லாம் பத்து ரூபாய்க் காசு.
நீட்டினேன்.
முழங்கையை விலாவில் இடுக்கி
தோளைச் சாய்த்து, இடுப்பைச் சாய்த்து,
ஒரு காலைக்கூடச் சற்றே தூக்கி,
கை திரும்பாத மிச்சத்தை
ஆள் திரும்பினார்.
ஒன்று உருண்டு மேசைக்கடியில் போனது.
"கெடக்கட்டு" என்றார்.
மேசையில் வைத்திருக்கலாம் என்று
அப்புறம்தான் தோன்றியது எனக்கு.

பஸ்ஸில்
இடக்கையால் என் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தோலுக்கடியில் எலும்பு
உறங்கும் பிள்ளை புரள்வதுபோல் புரண்டது.
கண்டக்டர் சில்லறை நீட்டினார்.
கை தானே மலர்ந்தது.
எவ்வளவு என்று எண்ணாமல்
மூடிக்கொண்டேன்.