முந்நூறு முழம்

அந்தப் புத்தகம் எங்களுடையதில்லை.
பாம்பன் ஸ்டேஷன் பெஞ்சில்
யாரோ மறந்துவிட்டுப் போனது.
தேடி வருவார்களென்று மூன்று நாள் வைத்திருந்து
நாலாம் நாள்
மீன் கொடுக்கப் போன சூசையடிமைப் பாட்டையாவிடம்
நீட்டினாராம் மாஸ்டர்:
"உங்க ஆளுக புத்தகந்தானே?"

இல்லை என்றார் சாமியார்.
அது அந்தச் சபைக்காரர்களுடையது,
பழைய தமிழ், நமக்கு ஆகாது.
பாட்டையா தலையாட்டிவிட்டு வந்து
அரிக்கேன் திரியை ஏற்றினார்.

காற்றோடு பேசிப் பழகின தொண்டை.
கச்சான் காலத்தில் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கிற மாதிரி
ஆதியாகமம்.
வாசல் நாய் எழுந்து உட்காரும்.
வரிக்குக் கீழே விரல் ஊரும்,
சூடை எண்ணெய் போகாத விரல்.
"சகலமும்" என்று வந்தால்
ஒரு கை தானாக விரியும்.
லிவியாதான் வந்தால் நான்
ஆவுளியாவை நினைத்துக்கொள்வேன்,
வலையில் சிக்கி
ஆளைப் போல அழுததென்று சொன்னார்களே, அதை.

பேழை முந்நூறு முழ நீளம் என்று வந்த ராத்திரி
அவர் தூங்கவில்லை.
விடியுமுன் என்னையும் இழுத்துக்கொண்டு போய்
வலைக் கொட்டகை மூலையிலிருந்து
முழங்கையை மணலில் கிடத்திக் கிடத்தித் தவழ்ந்தார்.
பத்துக்கு ஒரு சிப்பி நான் வைத்தேன்.
"என்னத்தத் தொலைச்சீரு மாமா?"
பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும்.
இருநூற்றுப் பத்தில் தண்ணீர் வந்துவிட்டது.
"மிச்சம் பாட்டையா?"
"கெடக்கட்டும் தண்ணியில.
கப்பல்தானே."

கடைசி ஆகமத்தில் ஓரிடத்தில் மட்டும் இருமுவார்.
இருமல் நிற்கும்போது
வேறொரு வசனத்தில் இருப்பார்.
பீடி என்று நினைத்திருந்தேன்.

இப்போது புத்தகம் என் வீட்டில்,
ராமநாதபுரத்தில், பீரோவுக்கு மேலே.
பக்கத்தைத் திருப்பினால் ஓரம் உதிர்கிறது.
போன மாதம் மின்சாரம் போன மத்தியானம்
அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன்.
புது வானம், புது பூமி,
எல்லாம் வந்துவிடுகிறது.
கடல் மட்டும் இனி இல்லையாம்.

பக்கம் முழுக்க வரிவரியாகப்
பழுப்பாய் ஓடுகிறது விரல்தடம்.
அந்த வரிக்கு அடியில்
தாள் அச்சடித்த அன்றைக்குப் போல
வெள்ளையாக இருக்கிறது.

எங்கள் புத்தகத்திலும் இந்த வரி உண்டா என்று
சாமியாரிடம் கேட்க வேண்டும்.
வேண்டாம்.