இருபத்தைந்தாவது ஆயிரம்

பத்தொன்பது வருடம்
மேய்ன் மாநிலத்தில், லூயிஸ்டன் சுங்கச்சாவடியில்
கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று காசு வாங்கியவள் நான்.
ஜனவரியில் நாணயம் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.
கட்டணம் தலைக்கு மேல்
ஆளுயர எழுத்தில் இருக்கும், மூடுபனியிலும் தெரியும்:
காருக்கு இவ்வளவு,
படகை இழுத்துவந்தால் இவ்வளவு,
லாரிக்கு அச்சுக் கணக்கு.
திட்டிக்கொண்டே கொடுத்தவர்கள் உண்டு.
தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று
ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

காலி வண்டியோடு வரும் ஓட்டுநரிடம்
ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டிச் சொல்வேன்:
"பின் அச்சைத் தூக்கிக்கொள்ளப்பா,
ஒரு டாலர் மிச்சம்."
அது என் வேலை இல்லை.
எனக்கு அதில் கமிஷனும் இல்லை.

கூண்டுகளை எடுத்துவிட்டுக் கேமரா வைத்தார்கள்.
கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்தது
இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம்.

வாரன் ஹாஸ்கெல் மேஜையில் மிட்டாய்க் கிண்ணம் இருக்கும்.
என் மகன் கால் முறிந்து கிடந்த மாதம்
அவர் மனைவி மூன்று தடவை சூப் கொண்டுவந்தாள்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
"இருபத்து நாலாயிரம் ஃபண்டில் போடுங்கள், லூசெட்.
மிச்சத்தில் கூரையைச் சரிபாருங்கள்" என்றார்.
அக்கறை என்று நினைத்தேன்.
அக்கறையாகவே இருந்திருக்கலாம்.

பிப்ரவரியில் முதல் அறிக்கை.
போட்டது இருபத்து நாலாயிரம்.
உள்ளே போனது
இருபத்திரண்டாயிரத்து அறுநூற்று இருபது.
சந்தை விழுந்ததா என்று பார்த்தேன்.
விழவில்லை.
வாசலிலேயே ஆயிரத்து முந்நூற்று எண்பதை
எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

குறுக்கெழுத்துக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கியோடு
அந்தத் தடித்த புத்தகத்தில் உட்கார்ந்தேன்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது பலகை.
ஏ வகுப்பு: நுழையும்போது கொடு.
பி வகுப்பு: சீக்கிரம் வெளியேறினால் கொடு,
வருடம் ஏற ஏற அது கரையும்.
சி வகுப்பு: வாசலில் ஒன்றும் வேண்டாம்,
இருக்கும்வரை வருடா வருடம் கொடு.
எந்த வகுப்பானாலும் நிர்வாகச் செலவு தனி.
அதற்கு ரசீது வராது;
விலையை எழுதும் முன்பே கழித்துவிடுகிறார்கள்.
விளம்பரத்துக்கும் ஒரு பங்கு:
அடுத்த ஆளை அழைத்துவர என் காசு.
என் சாவடியிலாவது
கடந்து போனவன் போனவன்தான்.
இங்கே நிறுத்தி வைத்த வண்டிக்கும்
சக்கரம் உருண்டதாகக் கணக்கு.

அதற்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை.
இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைவாக இருந்தால்
நூற்றுக்கு ஐந்தே முக்கால்.
இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டால் ஐந்து.

பென்சிலை எடுத்தேன்.
இரண்டு முறை போட்டேன், நம்பாமல் மூன்றாம் முறையும்.
ஆயிரம் கூடப் போட்டிருந்தால்
நூற்று முப்பது குறைவாகக் கொடுத்திருப்பேன்.

அந்த ஆயிரம்
சமையலறை இழுப்பறையில்,
கூரைக்காரன் வருவான் என்று
காத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் போய்
நாற்பத்தேழாம் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன்.
வாரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"தொண்ணூறு நாளுக்குள் என்றால்
ஒரு தாள் இருக்கிறது, லூசெட்.
கூடப் போடுவேன் என்று கையெழுத்திட்டால்
பழைய தேதியிலிருந்து சலுகை கிடைக்கும்."
இரண்டாவது இழுப்பறையிலிருந்து எடுத்தார்.
தேடவில்லை.
கைக்கு நேராக, மேலாக இருந்தது.

எண்பத்து மூன்றாம் நாள் அது.

கையெழுத்துப் போட்டேன்.
அச்சைப் பற்றி அவரிடம் சொல்லலாம் என்று வந்தது,
சொல்லவில்லை.
மிட்டாய் இரண்டு எடுத்துக்கொண்டு,
"இதற்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.
சிரித்தார்.
சூப்புக்காரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன்,
மனதாரத்தான்.

கூரை இன்னும் ஒழுகுகிறது.
வாளியை அறையின் நடுவில் வைத்திருக்கிறேன்.
வருபவர்கள் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.