இறங்கும் கணம்

பஞ்சிகாவத்தைக்கு ஜப்பான்
துண்டு துண்டாய்த்தான் வந்து சேரும்.
பாதி முகம் வெட்டிய லைட்ஏஸ்,
பல்லைக் காட்டும் கியர்பெட்டி,
யாருடையதோ கோயில் தாயத்து
இன்னும் தொங்குகிற பின்பார்க்கும் கண்ணாடி.
அப்படியொரு கொண்டெய்னரில்
றேடியேட்டர்களுக்குப் பின்னால்
டிக்கெட் எடுக்காத பயணிகள்போல் நின்றன
இரண்டு விளையாட்டு இயந்திரங்கள்.

ஸ்டொக் புத்தகத்தில் எப்படிப் பதிவது என்று
முபாரிஸ் முதலாளியைக் கேட்டேன்.
"பலதும் பத்தும் என்று போடுங்க" என்றார்.

மேல்மாடியில், சைலன்சர் அடுக்குக்குப் பக்கத்தில்
பிளக்கைச் சொருகியதும்
இருபது மாடி உயரத்தில் இரும்பாட்கள்
எழுந்து நின்றார்கள்.
எழுத்தெல்லாம் ஜப்பான்.
ஏணி மாதிரி ஒன்று மின்னினால் குண்டு தீர்ந்தது,
குடை மாதிரி ஒன்று விரிந்தால் வெற்றி.
அதற்குமேல் படிப்பு தேவைப்படவில்லை.

நூறு யென் குத்திக்கு எங்கே போவது?
றிஸ்கான் வாஷரை அராவித் தந்தான்.
ஒரு வாஷர் இருபது ரூபா, கடன் இல்லை.
வலக்கைப் பிடி முறிந்த அன்று
லைட்ஏஸின் கியர் தலையைப் பூட்டினோம்.
ஒன்று முதல் ஐந்து, பிறகு பின்னோக்கி
என்று உச்சந்தலையில் எழுதியிருந்த அதைப் பிடித்துத்தான்
ஒரு நகரத்தையே நான் இடித்தேன்.

பிடிகளை விரித்தால் பாய்ச்சல்.
தள்ளினால் சறுக்கல்.
சறுக்கலை வெட்டிச் சறுக்கல், அதை வெட்டி மறுபடி.
முதுகில் நெருப்பு இருக்கும்வரை
எவனும் உன்னைத் தொட முடியாது.
நெருப்பு தீரும்.
கால் தரையில் பட்டு, முழங்கால் மடிந்து,
ஓர் இமைப்பொழுது
அசையமாட்டாமல் நிற்பாய்.
எதிரி காத்திருப்பது அதற்குத்தான்.
மற்றதெல்லாம் சும்மா வாணவேடிக்கை.

அடுத்த இயந்திரத்தில் இந்துனில்.
எஞ்சின் இறக்குபவன், நகக்கண்ணில் கிறீஸ்.
அவன் தமிழ் விலை பேசப் போதும்,
என் சிங்களம் பஸ்ஸுக்குப் போதும்.
ஆகவே சண்டையில் எங்களுக்கு ஒரே வசனம்:
"பஹின்ன எபா!"
பஹின்ன, பஹின்ன என்று
கொண்டக்டர் தினமும் முதுகில் தட்டும் ஊரில்
என்னைப் பார்த்து
இறங்காதே என்றவன் இவன் ஒருவன்தான்.

சோடியாக ஆடினால் இருவருக்கும் ஒரே இருப்பு:
ஆறாயிரம்.
என் இரும்பாள் விலை கூடியவள், மூவாயிரம்.
இரண்டு தரம் நான் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.
அவனுடையது ஆயிரத்தைந்நூறு,
நாலு தரம் சாகலாம்.
ஆனாலும் விலை கூடியதுதான் முன்னுக்குப் போகவேண்டும்,
மலிவானது பின்னால் நின்று காக்கவேண்டும்.
கணக்கெழுதுகிற எனக்கு
இந்த விதி இரண்டு நாள் பிடிபடவில்லை.
கீழே கடையில் எல்லாம் மறுவளம்.

அவன் போய்விட்டான்.
நகோயாப் பக்கம் ஒரு யார்ட்டில் வேலை.
பழைய வாகனங்களின் முகத்தைப் பாதியாக வெட்டி
கொண்டெய்னரில் ஏற்றுகிறானாம்.
சிலவேளை நான் பில் போடுவது
அவன் வெட்டிய முகத்துக்கு.

முதல் சம்பளத்தில் அசல் கடைக்குப் போனானாம்.
நூறு பேர், ஒருவர்கூடக் கத்தவில்லை,
சிகரெட் மணம், பொத்தான் சத்தம் மட்டும்.
பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை
அவனைப் பதினொரு தரம் கொன்றதாம்,
ஒவ்வொரு தரமும் இறங்கும்போது.
குரல் செய்தியில் சிரிக்கிறான்.
பின்னால் உண்மையிலேயே யாரும் கத்தவில்லை.

இப்போது சனி இரவுகளில் வீட்டிலிருந்தே.
கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒன்பதே முக்கால்,
அங்கே அவனுக்கு ஒன்றேகால்.
ஃபேனை நிறுத்திவிட்டு ஹெட்செட்டை மாட்டுகிறேன்.
கடலுக்கடியில் ஏதோ ஒரு கம்பி
அவன் சொல்லை எடுத்துவரத் தாமதிக்கிறது.
நேற்று "பஹின்ன எபா" வந்து சேர்ந்தபோது
நான் இறங்கி, அடிபட்டு, வெடித்து,
இருப்பில் மூவாயிரம் கழிந்து,
புது உடம்போடு மறுபடி
வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பரவாயில்லை.
அடுத்த இறக்கத்துக்கு
அது சரியான நேரம்.