ஆன் எந்தப் பக்கம்

பவர் குப்பத்துக்குப் பின்னால்
ஒரு சைக்கிள் அகலச் சந்து.
மூணு அடுக்கு, மூணு குடித்தனம், முப்பத்தொரு படி.
படிக்கட்டுக்கு ஒரே பல்பு,
அதற்கு ஒரே சுவிட்ச்,
அதுவும் கீழ்வீட்டு டெல்பினின் கதவுக்கு உள்ளே.

மேல்வீட்டு ஏகவல்லி
இறால் கம்பெனி நைட் ஷிஃப்ட் முடித்து
மூணு மணிக்கு வருவாள்.
ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் செருப்பு,
டார்ச் எரியும் செல்போன் பல்லில்.
போன மாசம் பதினெட்டாம் படியில் விழுந்தாள்.
போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
முன்பல் பாதி போய்விட்டது.
அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எந்த மீட்டரில் இழுப்பது என்ற பேச்சிலேயே
அரை நாள் கூலி கரைந்தது.
ஒன்பது வாட்ஸ் பல்பு,
ராத்திரி முழுக்க எரிந்தாலும்
மாசம் மூணு யூனிட், கொஞ்சம் கொசுறு.
சுவிட்ச் வந்த அட்டையில் எழுதிக் காட்டினேன்.
நடுவீட்டு சதக்கத்துல்லா அட்டையை வாங்கி
கண்ணாடி போட்டு
மறுபடி பெருக்கிப் பார்த்தார்.
ஃபேஸை ஒரு வீட்டில், நியூட்ரலை ஒரு வீட்டில் எடுத்தால்
பாதிப் பாதி ஆகுமே என்றார்.
ஆகாது பாய்,
உங்க பியூஸைப் பிடுங்கினாலும்
அவங்க வீட்டுக் கம்பி கடிக்கும்.
கடைசியில் அவர் மீட்டர்தான்.
"எழுதி வெச்சுக்கோ, மாசா மாசம் நான் கேப்பேன்"
என்றார் மூணு பேரையும் பார்த்து,
என்னையும் சேர்த்து.

கீழே ஒரு டூ-வே, மேலே ஒரு டூ-வே,
நடுவில் நாலு முனை உள்ள இன்டர்மீடியட்.
இரண்டு கம்பி ஜோடியாக ஏறும்.
நடுவில் வந்ததும்
நேரே போகும், இல்லையென்றால்
கால்மேல் கால் போட்டதுபோல் குறுக்கே மாறும்.
இந்தக் கடல் காற்றில்
பித்தளைத் திருகாணி ஒரே வருஷத்தில் பச்சை பிடிக்கும்.
எல்லாவற்றுக்கும் வாசலின் தடவி முடுக்கினேன்.

"அண்ணே, இதுல ஆன் எந்தப் பக்கம்?"
டெல்பின்.
பக்கம் கிடையாதும்மா.
நீ மேலே தட்டினா எரியும்.
அவங்க மேலேர்ந்து அணைச்சுட்டாங்கன்னா
அப்புறம் நீ கீழே தட்டினாத்தான் எரியும்.
"இன்னாண்ணே இது,
என் சுவிட்சுக்கு நான் சொல்றது கேக்காதா?"

நகப்பாலிஷ் கொண்டுவந்து
எரியும் பக்கம் ஒரு பொட்டு வைத்தாள்.
இருட்டுவதற்குள் பொட்டு பொய்.
சுரண்டிவிட்டு எதிர்ப்பக்கம் வைத்தாள்.
விடிவதற்குள் அதுவும்.
இப்போது இரண்டு பக்கமும் சிவப்பு.

எட்டாம் நாள் ராத்திரி போன்.
"அண்ணே, லைட்டு தானா எரியுது."
மணி பார்த்தேன், மூணுக்கு அஞ்சு நிமிஷம்.
"நான் தொடவே இல்ல.
ஏகவல்லியக்கா இன்னும் வரல.
கதவுக்கடியில வெளிச்சம் வருது, படியில ஆளே இல்ல.
நாலு நாளா இதே டைமுக்கு.
ஷாக்கு கீக்கு அடிக்குமா?"

மூணு சுவிட்சில் இரண்டைக் கழித்தேன்.
கண்ணாடி போட்டு அட்டையைப் பெருக்கிய
விரல்கள் ஞாபகம் வந்தன.
தானா எரியாதும்மா, பயப்படாம படு என்றேன்.
யார் என்று சொல்லவில்லை.
கேட்டால் மனுஷர் நிறுத்திவிடுவார்.

அவள் போனை வைக்கவில்லை.
கேட் கிறீச்சிட்டது.
செருப்பு போட்ட கால்கள்
படிப்படியாக மேலே போயின,
பதினெட்டில் கொஞ்சம் நின்று,
பிறகு மேலே.

டக்.

"அணைஞ்சிருச்சுண்ணே."